ஆளை வளர்க்கும் கூட்டம்

தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய பெரிய ஜவுளிக் கடை ஒன்றை மனக்கண்ணால் காணுங்கள். காலை ஒன்பதரை மணி. இரும்புக் கதவு பாதி உயர்ந்திருக்கிறது. உள்ளே ஒரே நிறப் புடைவையும் சட்டையும் அணிந்த பணியாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் கையில் தாளுடன் எதிரே நின்று, "நேற்று இரண்டாம் மாடியில் விற்பனை குறைந்துவிட்டது, வருகிறவர்களை முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும், தாமதமாக வந்தால் சம்பளத்திற் பிடிப்போம்" என்று சொல்லி முடிக்கிறார். எல்லோரும் தலையசைக்கிறார்கள். கதவு முழுவதும் உயர்கிறது, கூட்டம் கலைகிறது.

அவ்வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். முந்தின நாள் அவள் ஒரு குடும்பத்தாருக்கு நாற்பது புடைவைகளை விரித்துக் காட்டினாள். அவர்கள் ஒன்றையும் வாங்காமற் போனார்கள். ஏன் வாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வந்தவர்கள் கேட்ட விலைக்கும் கேட்ட கரைக்கும் பொருந்திய புடைவை அந்த மாடியில் இல்லை; கீழ்மாடியில் இருந்தது. மேற்பார்வையாளருக்கு வேண்டிய விடை அவளிடம் இருந்தது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. கேளாமலே கூட்டம் முடிந்துவிட்டது.

கடைகளில் மட்டுமன்று, அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் இக்காட்சி வேறு வேறு உருவில் நடைபெறுகிறது. சில இடங்களில் நாற்காலியும் காபியும் உண்டு. மற்றவை யாவும் ஒன்றே. ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பர். இதனைக் கூட்டம் என்று அழைப்பது பொருந்துமா? அறிவிப்புப் பலகை செய்யக்கூடிய வேலையை ஒரு மனிதர் செய்கிறார் என்றே சொல்ல வேண்டும். பணியாளர் கூட்டம் என்பது பணியாளரை வளர்ப்பதற்கும் உரியது. அவ்வளர்ச்சி எங்ஙனம் நிகழ்கிறது என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள்.

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல் என்றும், அவையஞ்சாமை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அமைத்திருக்கிறார். ஓர் அதிகாரம் கேட்போரின் தன்மையை அறிந்து பேசுவதைச் சொல்லுகிறது. மற்றொன்று அவர்கள் முன் அஞ்சாது நிற்பதைச் சொல்லுகிறது. இவ்விரண்டும் நூலைப் படித்த அளவில் வந்துவிடுவன அல்ல. நீச்சலை நீரில் இறங்கித்தான் பழக வேண்டும். அவையில் பேசுவதை அவையில்தான் பழக வேண்டும். ஒருவன் தான் செய்யும் வேலையைப் பிறர் முன் விளக்க முற்படும்பொழுதுதான், அதில் எந்தப் பகுதி தனக்குத் தெளிவாகத் தெரியும், எந்தப் பகுதி தெரியாது என்பது அவனுக்கே புலப்படுகிறது. ஆதலின் பேசும் வாய்ப்பே கற்கும் வாய்ப்பு ஆகிறது. அவ்வாய்ப்பு வாரந்தோறும் தலைவருக்கு மட்டும் கிடைக்குமாயின், வாரந்தோறும் வளர்பவரும் அவர் ஒருவரே ஆவர்.

இது வெறுங் கற்பனை என்று எண்ண வேண்டா. ஒரு வீட்டு அறையிற் கூடிய சிறு கூட்டம் தன்னிற் கலந்துகொண்ட இளைஞர்களை வளர்த்து, இறுதியில் ஒரு பெரிய நிறுவனமாகவே மலர்ந்த வரலாறு நம் மயிலாப்பூரிலேயே உண்டு.

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லம் இருந்தது. அது சட்ட மேதை சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் உறுப்பினர்களுள் ஒருவராக விளங்கிய அவர் 1953-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய மைந்தர் அல்லாடி இராமகிருஷ்ணன் சட்டத்தை விடுத்து இயற்பியலை மேற்கொண்டவர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் 1957-58-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சி நிலையத்திற் சில காலம் தங்கியிருந்தார். ஓப்பன்ஹைமர் அப்போது அந்நிலையத்தின் தலைவர். அங்கே உலகின் பல பகுதிகளினின்றும் வந்த அறிஞர்கள் தாம் செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியைக் கருத்தரங்குகளில் எடுத்துரைப்பதும், இளைஞரும் முதியோரும் கலந்து வினவுவதும் நாள்தோறும் நிகழும் செயல்கள். அச்சூழ்நிலை இராமகிருஷ்ணன் உள்ளத்தைக் கவர்ந்தது.

சென்னைக்குத் திரும்பிய அவருக்கு அத்தகைய நிலையம் இங்கே இல்லை. பெரிய நூலகமும், தனிக் கட்டடமும், பொருளுதவியும் இல்லை. இருந்தவர்கள் ஆர்வமுள்ள மாணவர் சிலர். கட்டடம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் இல்லத்திலேயே கருத்தியல் இயற்பியற் கருத்தரங்கைத் தொடங்கினார். சென்னைக்கு வரும் அயல்நாட்டு அறிஞர்கள் அங்கே அழைக்கப் பெற்றனர். அவர்கள் பேசினார்கள், மாணவர்கள் கேட்டார்கள், வினவினார்கள், தாமும் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். பாடநூலில் பெயராக மட்டும் கண்ட மனிதர் எதிரே அமர்ந்து, "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்கும்பொழுது ஒரு மாணவன் உள்ளத்தில் என்ன நிகழும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அன்றுவரை அவன் பட்டத்திற்காகப் படிப்பவன். அன்று முதல் ஆராய்ச்சியாளருள் தானும் ஒருவன்.

1960-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் நீல்ஸ் போர் இந்தியாவிற்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். சென்னைக்கு வந்த அவர் ஏகாம்ர நிவாஸத்து மாணவர்களைச் சந்தித்து அளவளாவினார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை எவை என்பதைக் குறிப்பிடுங்கால், பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்த்து, சென்னையில் இராமகிருஷ்ணன் பயிற்றி வந்த சிறு மாணவர் குழுவையும் அவர் பாராட்டினார். அரசின் பேராதரவு பெற்ற ஒரு பெரு நிலையத்தையும், ஒரு வீட்டில் கூடும் சிறு குழுவையும் அவர் ஒருங்கே வைத்துப் பேசியது பலரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது.

நீல்ஸ் போருக்கு அச்சிறு குழுவின் அருமை ஏன் உடனே விளங்கிற்று? அவரே அத்தகைய கூட்டங்களை நடத்தியவர். 1921-ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் திறக்கப்பட்ட அவருடைய நிலையத்தில், 1929 முதல் இளம் விஞ்ஞானிகள் கூடும் மாநாடுகள் நடைபெற்றன. கட்டான நிகழ்ச்சி நிரல் அங்கே கிடையாது. எது அப்போது விளங்கவில்லையோ அதுவே பேச்சுப் பொருள். 1932-ஆம் ஆண்டு மாநாட்டில் இளைஞர்கள் ஒரு நையாண்டி நாடகம் நடித்தார்கள். தங்கள் மூத்த விஞ்ஞானிகளையே அதில் பாத்திரங்களாக்கினார்கள்; கடவுளின் வேடம் நீல்ஸ் போரைக் குறித்தது! தம்மைக் கண்டு சிரிக்க இளையோருக்கு இடங் கொடுக்கும் தலைவரிடம், "ஐயா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லவும் அவர்களுக்குத் துணிவு பிறக்கும் அன்றோ?

மயிலாப்பூருக்கு மீள்வோம். அக்காலத்தில் சென்னை மாநிலக் கல்வியமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் இம்முயற்சியில் ஊக்கங் காட்டினார். 1961-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு சென்னைக்கு வந்தபொழுது அம்மாணவர்களைச் சந்தித்தார். அதன் பயனாக, 1962-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிலையம் தோன்றியது. வானியல் மேதை எஸ். சந்திரசேகர் அவ்விழாவிற் பங்கு கொண்டார். இராமகிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர் ஆனார். அந்நிலையம் இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கி வருகிறது. அக்கருத்தரங்கில் வளர்ந்த மாணவியருள் ஒருவராகிய டி. கே. ராதா, பின்னர் ஓப்பன்ஹைமரின் அழைப்பைப் பெற்று 1965-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனுக்கே சென்றார். பிரின்ஸ்டனிற் கண்ட ஒரு பழக்கம் மயிலாப்பூருக்கு வந்தது. மயிலாப்பூரில் அப்பழக்கத்தால் வளர்ந்த ஒரு பெண் பிரின்ஸ்டனுக்குப் போனார்.

"அவர்கள் விஞ்ஞானிகள், ஓய்வாக அமர்ந்து விவாதிக்கலாம். தொழிற்சாலையில் இயந்திரத்தின் அருகே நிற்பவனுக்கு இது பொருந்துமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு விடை ஜப்பானிலிருந்து வருகிறது.

சென்னையில் கணித அறிவியல் நிலையம் தோன்றிய அதே 1962-ஆம் ஆண்டில், ஜப்பானில் 'தர வட்டம்' என்னும் இயக்கம் தொடங்கிற்று. பேராசிரியர் இஷிகாவா அதற்கு வழிகாட்டியவர். ஒரே இடத்தில் வேலை செய்யும் ஒரு சிலர் ஒரு வட்டமாகச் சேர்வர். குறித்த நேரத்தில் தவறாமற் கூடுவர். தங்கள் வேலையிலுள்ள ஒரு குறையை எடுத்துக்கொள்வர். ஒரு திருகாணி அடிக்கடி தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் தளர்கிறது என்பதை ஆராய ஒரு படம் வரைவர். நடுவே ஒரு நீண்ட கோடு, அதன் முனையில் குறையின் பெயர், இருபுறமும் கிளைக்கோடுகள். ஆள், இயந்திரம், பொருள், செய்முறை என்று ஒவ்வொரு கிளையிலும் காரணங்களை எழுதிச் செல்வர். முடிவில் அது மீனின் முள்ளைப் போலத் தோன்றும். ஆதலின் மீன்முள் படம் என்று பெயர். எழுதப் படிக்க அறிந்த எந்தத் தொழிலாளியும் அதில் ஒரு கோடு சேர்க்கலாம். மேலாளர் காணாத காரணத்தை இயந்திரத்தின் ஓசையை நாள்தோறும் கேட்பவன் காண்பான்.

இம்முறை 1980-ஆம் ஆண்டில் ஐதராபாத்தை அடுத்த இராமச்சந்திரபுரத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை வழியாக இந்தியாவில் நுழைந்தது. தொழில்களில் தரத்தை வளர்க்கும் நிறுவனங்களுக்கு ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசைச் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ஆம் ஆண்டில் பெற்றது. தொழிலாளரின் யோசனைக்கு இடந் தருதல் அப்பரிசுக்குரிய முயற்சியின் இன்றியமையாத ஒரு பகுதி. எனவே, கூடிப் பேசிக் கற்பது கரும்பலகைக்கு மட்டும் உரியதன்று, பட்டறைக்கும் உரியது.

இனி, இத்தகைய கூட்டத்திற்கு வேண்டிய இயல்புகளைப் பார்ப்போம்.

முதலாவது, தயாரிப்பு. பேசும் பொருள் இன்னது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அப்பொருளும் சிறியதாக இருத்தல் நலம். "விற்பனையை உயர்த்துவது எப்படி?" என்று கேட்டால் எவரும் வாய் திறவார். "நேற்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் எதைக் கேட்டார்கள்?" என்று கேட்டால் வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணும் விடை சொல்வாள்.

இரண்டாவது, முறை வைத்துப் பேசுதல். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, இருப்பதை வரலாற்று மாணவர் அறிவர். குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து பணியாற்றியவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வாரியத்திற்கு வர இயலாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவ்வுரிமை ஊரில் எல்லோருக்கும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அது இருந்தது. ஆயினும் அந்த ஒரு விதியின் நுட்பத்தை நாம் மெச்சலாம். பழகியவர் விலகினாலன்றிப் பழகாதவர் பழகுவதெப்படி? வாரம் ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். முதல் வாரம் அவர் தடுமாறுவார். மூன்றாம் முறை வரும்பொழுது நிமிர்ந்து நிற்பார்.

மூன்றாவது, தலைவர் கடைசியிற் பேசுதல். படைமுறை நீதிமன்றங்களில் தீர்ப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கும்பொழுது, பதவியிற் கீழ்நிலையிலுள்ள உறுப்பினரிடமிருந்து தொடங்கும் மரபு உண்டு. மேலதிகாரி முதலிற் பேசிவிட்டால் மற்றவர்கள் அவருடைய எதிரொலியாகிவிடுவர் என்பது அதன் கருத்து. கண்டிப்பு மிகுந்த படையிலேயே இம்முறை இயலுமாயின், கடையிலும் கல்லூரியிலும் ஏன் இயலாது? மார்கழி மாதத்தில் மயிலாப்பூர்ச் சபைகளுக்குச் சென்று கச்சேரி கேட்டவர்கள் இதற்கு இன்னும் இனிய உவமை ஒன்றை அறிவர். பாடகர் தலைவராக இருந்தும், ஒரு கட்டத்தில் தாம் பாடுவதை நிறுத்தி மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்திற்கு வழிவிடுகிறார். தாமும் கையால் தாளம் போட்டுக் கேட்கிறார். அதனாற் பாடகரின் பெருமை குறைவதில்லை, கச்சேரி நிறைவெய்துகிறது. ஒவ்வொரு பணியாளர் கூட்டத்திலும் ஒரு தனி ஆவர்த்தனம் இருக்க வேண்டும்.

நான்காவது, குறையைப் பேசுங்கால் ஆளைப் பேசாதிருத்தல். "இந்தக் கணக்கில் பிழை எப்படி நுழைந்தது?" என்பது ஒரு கேள்வி. "இதை எழுதிய அறிவாளி யார்?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி பிழையைத் திருத்தும். இரண்டாவது கேள்வி அடுத்த பிழையை மறைக்கக் கற்றுக் கொடுக்கும். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துக் கண்டிக்கலாம். கூட்டத்தில் ஒரு முறை அவமானப்பட்டவன் அடுத்த பத்துக் கூட்டங்களில் பேசமாட்டான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பேசமாட்டார்கள்.

ஐந்தாவது, சொன்னது என்னவாயிற்று என்று தெரிவித்தல். சென்ற வாரம் கூறப்பட்ட யோசனையோடு இந்த வாரக் கூட்டம் தொடங்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டதா, இல்லையா, இல்லையெனில் ஏன் என்று சொல்ல வேண்டும். மறுக்கப்படுவதை மனிதன் பொறுத்துக்கொள்வான்; கவனிக்கப்படாமையைப் பொறுக்கமாட்டான்.

இவ்வைந்தையும் சொல்லி முடித்துவிட்டால் என் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் அடிப்படையான ஒன்று உண்டு. ஏகாம்ர நிவாஸத்து மாணவர்கள் அமர்ந்து பேசினார்கள். நாம் முதலிற் கண்ட கடையில் பணியாளர்கள் நின்றார்கள். கூட்டத்தில் மட்டுமன்று, நாள் முழுவதும் நின்றார்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-ஆம் ஆண்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கால் கடுக்க நிற்பவரிடம் யோசனை கேட்பது வீண். கூட்டம் வேலை நேரத்திற்குள் நடைபெற வேண்டும். அந்நேரத்திற்கும் ஊதியம் உண்டு என்பது தெளிவாக இருக்க வேண்டும். எல்லோரும் அமர வேண்டும். உரிய ஊதியத்திற்கு இனிய கூட்டம் ஈடாகாது. மதிப்பு என்பது வாய்ச்சொல்லில் தொடங்குவதன்று. ஒரு நாற்காலியில் தொடங்குகிறது.

மாணவ நண்பர்களே! உங்களிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ கடையிலோ இருப்பீர்கள். முதலில் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். பின்பு ஒரு நாள் தாளை ஏந்தி எதிரே நிற்பீர்கள். இரண்டிற்கும் இப்பொழுதே பழகிக்கொள்ளலாம். உங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுங்கள். ஒருவர் ஒரு பாடத்தை விளக்கட்டும், மற்றவர் வினவட்டும். எப்பொழுதும் பேசுபவர் அன்று கேட்கட்டும். எப்பொழுதும் கேட்பவர் அன்று பேசட்டும். விடுதி உணவைப் பற்றிய குறையாயினும், ஆண்டு விழாவைப் பற்றிய திட்டமாயினும், மிகவும் இளையவரிடம் முதலிற் கருத்துக் கேளுங்கள்.

கட்டடம் வேண்டும், பணம் வேண்டும், மேலிடத்து ஆணை வேண்டும் என்று காத்திருக்க வேண்டா. லஸ் சர்ச் சாலையில் ஓர் இல்லத்து அறையும், சில மாணவர்களும், கேட்கும் மனமுடைய ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். தரமணியில் ஒரு நிலையம் எழுந்தது. தியாகராய நகர்க் கடையின் வரிசைக் கடைசியில் நின்ற அந்தப் பெண்ணிடம், "நீ என்ன கண்டாய், அம்மா?" என்று ஒருவர் கேட்பாராயின், அங்கும் ஏதேனும் எழும். கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.